நீல நண்டு மத்தியதரைக் கடலுக்கு எப்படிப் போனது? கடல் சூடானதுதான் காரணமா?

இத்தாலியின் போ ஆற்றுக் கழிமுகத்தில் நீல நண்டுகள் பெருகி, மட்டி வளர்ப்பவர்களின் பிழைப்பைக் கெடுத்துவிட்டன என்ற செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: கடல் சூடாவதால்தான் நண்டுகள் இப்படிப் புதிய கடல்களுக்குப் பரவுகின்றனவா, அவற்றைப் பிடித்துத் தின்றே ஒழித்துவிட முடியாதா என்று. உங்கள் கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த நண்டு அங்கே எப்படி வந்தது என்பது ஒன்று. வந்தது ஏன் இத்தனை பெருகியது என்பது இன்னொன்று. பெருகியதைக் குறைக்க முடியுமா என்பது மூன்றாவது. முதலாவதற்குப் பெரும்பாலும் உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் உறுதியும் ஐயமும் கலந்திருக்கின்றன. மூன்றாவதற்குப் பலர் எதிர்பார்க்கும் பதில் தவறானது. கடல் உயிரியல் படித்துவிட்டு, பதினெட்டு ஆண்டுகளாகப் பாக் நீரிணைக் கரையில் நண்டு இறங்கும் இடங்களில் அளவெடுத்தும், ஆய்வுக்கூடத் தொட்டிகளில் சினை நண்டுகளைப் பொரிக்கவைத்தும் வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மத்தியதரைக் கடலில் நான் வேலை செய்ததில்லை. அங்கே நடந்தவற்றை அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதியவற்றைப் படித்தே அறிந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். 'நீல நண்டு' என்று செய்திகள் சொல்வது ஒரே நண்டை அல்ல. இத்தாலியில் பெருகியிருப்பது காலினெக்டஸ் சாபிடஸ் என்னும் அமெரிக்க நீல நண்டு. அதன் தாய்க்கடல் அட்லாண்டிக்கின் மேற்குக் கரை. துனிசியாவின் கேபெஸ் வளைகுடாவில் பெருகியிருப்பது போர்ச்சுனஸ் செக்னிஸ். அது இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியிலிருந்து செங்கடல் வழியாகப் போனது. இந்த இரண்டாவது நண்டு, நம் மீனவர்கள் நண்டு வலையில் பிடித்துவரும் நீலக்கால் நண்டின் நெருங்கிய உறவு. நீண்ட காலம் இவை எல்லாவற்றையும் போர்ச்சுனஸ் பெலாஜிகஸ் என்ற ஒரே பெயரில்தான் எழுதிவந்தோம். 2010-ல் வெளியான ஒரு வகைப்பாட்டு ஆய்வு அதை நான்கு இனங்களாகப் பிரித்தது. அதன்படி வங்காள விரிகுடாப் பக்கத்து நண்டு போர்ச்சுனஸ் ரெட்டிகுலேட்டஸ். பழைய பெயரிலேயே இன்னும் எழுதப்படும் கட்டுரைகள் நம் நாட்டில் நிறைய இருப்பதால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நண்டு எங்கே பரவியது என்று முடிவுசெய்தால் தவறு நேரும்.

கையில் எடுத்துப் பார்த்தால் அமெரிக்க நண்டையும் நம்முடையதையும் பிரித்தறிவது கடினமல்ல. இரண்டுக்கும் ஓட்டின் முன்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்பது பற்கள் உண்டு. ஒன்பதாவது பல் முள்போல நீண்டிருக்கும். கடைசிக் கால் இணை துடுப்புபோலத் தட்டையாக இருக்கும். ஆனால் இரு கண்களுக்கும் நடுவில் உள்ள நெற்றி விளிம்பைப் பார்த்தால், அமெரிக்க நண்டுக்குத் தெளிவான இரண்டு பற்களும், நம் நண்டுக்கு நான்கு பற்களும் இருக்கும். மல்லாத்திப் பிடித்தால் ஆண் நண்டின் வயிற்று மடிப்பு அமெரிக்க இனத்தில் தலைகீழான ஆங்கில 'T' எழுத்துபோல ஒடுங்கி நீண்டிருக்கும். நம்முடையதில் முக்கோணமாக இருக்கும். முதிர்ந்த அமெரிக்கப் பெண் நண்டின் கடிகால் நுனி, சாயம் தீட்டிய நகம்போலச் சிவந்திருக்கும்.

இனி அவை எப்படிப் போயின என்பதற்கு வருகிறேன். வளர்ந்த நண்டு பெருங்கடலைத் தாண்டுவதில்லை. அது கரையோரத்து விலங்கு. ஆழமான நடுக்கடல் அதற்கு ஒரு சுவர். ஆனால் அதன் பிள்ளைப்பருவம் கடலில் மிதக்கும் வாழ்க்கை. சினை நண்டின் வயிற்றில் முட்டைத் திரள் முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாள் செல்லச் செல்லப் பழுப்பாகி, பொரிப்பதற்கு முன் ஏறக்குறையக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு முட்டைகளில் சிலவற்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரிய கண்கள் தெரியும். பொரித்து வெளிவரும் சோயியா என்ற இளவுயிரி நண்டுபோலவே இருக்காது; முதுகில் நீண்ட முள்ளும் பெரிய கண்களுமாக, ஊசிமுனை அளவில் தண்ணீரில் துடித்துக்கொண்டிருக்கும். தொட்டியில் விளக்கைக் காட்டினால் மேகம்போல ஒளியை நோக்கித் திரண்டு வரும். பலமுறை ஓடு கழற்றி, மெகலோபா என்ற இடைநிலைக்கு வந்த பிறகே அது அடியில் இறங்கிக் குட்டி நண்டாகிறது. நம் நீலக்கால் நண்டின் கூட்டத்துக்கு நான்கு சோயியா நிலைகள். வெப்பமான தொட்டி நீரில் இரண்டரை வாரத்துக்குள் குட்டி நண்டைப் பார்த்துவிடலாம். அமெரிக்க நீல நண்டுக்குப் பொதுவாக ஏழு நிலைகள். அதற்கு 31 முதல் 49 நாட்கள் பிடிக்கும். அதற்குப் பிறகு மெகலோபா பருவம் வேறு. அதாவது ஒன்றரை மாதத்துக்கு மேல் அது நீரோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பெண் நண்டு ஒரு தடவையில் சுமக்கும் முட்டை ஏறக்குறைய 20 லட்சம். அது வாழ்நாளில் ஒரே பருவத்தில்தான் இணைகிறது. அப்போது பெற்ற விந்தைச் சேமித்துவைத்துக்கொண்டு பலமுறை சினைப்படுகிறது. ஆகவே ஆண் துணையின்றிப் புதிய நீரில் வந்து சேர்ந்த ஒரு பெண் நண்டுகூட ஒரு தலைமுறையைத் தொடங்கிவைக்க முடியும்.

ஆனாலும் ஒன்றரை மாத மிதப்பு அட்லாண்டிக்கைக் கடக்கப் போதாது. அதைக் கடத்தியது கப்பல் என்பதே துறையில் உள்ளவர்களின் பரவலான கருத்து. சரக்கில்லாத கப்பல் நிலைதவறாமல் இருக்கத் தன் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும் பாலாஸ்ட் தண்ணீரில் நண்டின் இளவுயிரிகள் உயிரோடு பயணம் செய்யும். கப்பலின் வெளிப்புறத்தில் படிந்திருக்கும் பாசிக்குள்ளும், கொட்டலசு என்னும் ஒட்டிவாழும் ஓட்டுயிரிகளின் கூட்டத்துக்குள்ளும் குட்டி நண்டுகள் ஒளிந்தும் செல்லும். ஐரோப்பாவில் அமெரிக்க நீல நண்டு முதன்முதலில் பதிவானது 1900-ல், பிரான்சின் அட்லாண்டிக் கரையில். அட்ரியாட்டிக் கடலில் 1949-ல் பதிவானது. எந்தக் கப்பல், எந்தத் தொட்டி என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. பாலாஸ்ட் தண்ணீர் என்பது மிகப் பொருத்தமான விளக்கமே தவிர, கண்ணால் கண்ட சாட்சி அல்ல. பாலாஸ்ட் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2004-ல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நூறாண்டுக் கப்பல் போக்குவரத்துக்கு இத்தகைய கட்டுப்பாடு இருந்ததில்லை.

செக்னிஸ் நண்டின் கதை வேறு. அதற்குக் கப்பல் தேவைப்படவில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1898-லேயே கால்வாயின் மத்தியதரை முனையில் உள்ள போர்ட் சயிதில் இந்த நண்டு பதிவாகிவிட்டது. மனிதன் வெட்டிய வழியாக அது தானே நடந்தும் நீந்தியும் மிதந்தும் போயிருக்கிறது. இங்கே நான் உங்களை நிறுத்திக் கவனிக்கச் சொல்வது ஆண்டுகளைத்தான். 1898-ல் எகிப்தின் கரையை அடைந்த நண்டு, துனிசியாவின் கேபெஸ் வளைகுடாவில் பெருகத் தொடங்கியது 2014-ல். 1949-ல் அட்ரியாட்டிக்கில் காணப்பட்ட அமெரிக்க நண்டு, போ கழிமுகத்தின் கோரோ, ஸ்கார்தோவாரி காயல்களில் மட்டி வயல்களை வெறுமையாக்கியது 2023-ல். வந்து சேர்வதற்கும் பெருகுவதற்கும் நடுவில் ஒன்றில் நூறாண்டுக்கு மேல், இன்னொன்றில் எழுபது ஆண்டுக்கு மேல். ஆகவே வருகைக்குக் காரணமானதும் பெருக்கத்துக்குக் காரணமானதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செய்திகள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடுவதுதான் உங்கள் கேள்வி இப்படி அமைந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கடல் சூடாவது எங்கே உறுதியாக வேலை செய்கிறது என்றால், குளிர்தான் ஓர் இனத்தின் எல்லைக்கோடாக இருந்த இடங்களில். இதற்கு நான் காட்டக்கூடிய தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சதுப்பு நிலங்களில் வளை தோண்டி வாழும் ஒரு சிறு பிடில் நண்டு. நம் கழிமுகச் சேற்றில் ஒற்றைப் பெரிய கடிகாலை ஆட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் குடும்பம். அதன் வட எல்லை நெடுங்காலமாக கேப் காட் முனையாக இருந்தது. அதன் இளவுயிரிகள் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக வளர்வதில்லை என்று ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டிருந்தது. அதற்கு வடக்கே உள்ள மெயின் வளைகுடா வேகமாகச் சூடேறியது. 2014-ல் பழைய எல்லையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வடக்கே, நியூ ஹாம்ஷயரில், அந்த நண்டு கண்டறியப்பட்டது. கப்பலும் கால்வாயும் தேவைப்படாமல், தன் கரையிலேயே எல்லையை நகர்த்திய இனம் இது. இளவுயிரியின் வெப்ப வரம்பும் கள அவதானிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதால், இங்கே காரணத்தைத் துணிந்து சொல்லலாம்.

போ கழிமுகத்துக்கு அதே துணிவோடு சொல்ல முடியாது. இதமான குளிர்காலங்கள் உதவியிருக்கும் என்பது நியாயமான கருத்து; தாய்க்கடலில், அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், இந்த நண்டு குளிர்காலத்தில் சேற்றில் புதைந்து கிடக்கும், கடுங்குளிர் ஆண்டுகளில் அப்படியே செத்தும் போகும். வேறொரு நண்டிலும் இதே போக்கு பதிவாகியிருக்கிறது: ஐரோப்பியப் பச்சை நண்டு மெயின் கரையில் 1950-களின் இதமான ஆண்டுகளில் பெருகி மட்டிகளைத் தின்றுதீர்த்தது, பின்னர் வந்த கடுங்குளிரில் குறைந்தது. ஆனால் போ கழிமுகத்தில் வெப்பத்தோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கின்றன. அங்கே வளர்க்கப்படும் மட்டியே 1983-ல் வெனிஸ் காயலில் கொண்டுவிடப்பட்ட ஆசிய இனம். மெல்லிய ஓடுள்ள அதன் குஞ்சுகளை ஆழமற்ற நீரில் நெருக்கமாக விதைத்து வைத்திருப்பது, நண்டுக்குப் பந்தி விரித்ததற்குச் சமம். கொன்றுதின்னும் பெரிய மீன்கள் குறைந்துபோனதும், 2023 மே மாதம் அப்பகுதியின் எமிலியா ரொமான்யா மாநிலத்தில் வந்த பெருவெள்ளமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டும் சான்று கையில் இல்லாதபோது, 'எல்லாம் வெப்பத்தால்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

வந்தேறிய நண்டுகள் புதிய கடலில் செழிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. சாக்குலினா என்று ஓர் ஒட்டுண்ணி. அது கொட்டலசின் உறவு. நண்டின் உடலுக்குள் வேர்போலப் பரவி, அதன் இனப்பெருக்கத்தையே நிறுத்திவிட்டு, முட்டைத் திரள் இருக்க வேண்டிய இடத்தில் தன் பையை வெளியே தள்ளும். இறங்குதளத்தில் ஒருமுறை ஒரு பெரியவர், "தம்பி, ஆண் நண்டுல சினை இருக்கு பாருங்க" என்று ஒரு முக்கண் நண்டை நீட்டினார். வழவழப்பான மஞ்சள் பை ஒன்று வயிற்று மடிப்புக்கு வெளியே புடைத்திருந்தது. தொட்டால் மணிமணியாக உதிரவில்லை, தோல்போல இருந்தது. வயிற்று மடிப்பும் ஆணுக்குரியதைவிட அகன்றிருந்தது. அது ஒட்டுண்ணி பிடித்த ஆண். பச்சை நண்டுக்கு ஐரோப்பாவில் இந்தத் தொல்லை உண்டு. 1817-ல் பதிவான காலம்தொட்டு அது வாழ்ந்துவரும் வட அமெரிக்காவில் கிடையாது. புதிய கடல்களில் பச்சை நண்டுகள் தாய்க்கடலில் இருப்பதைவிடப் பெரிதாக வளர்வதற்கு, ஒட்டுண்ணிகளை அவை பின்னே விட்டுவந்ததும் ஒரு காரணம் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

போய்ச் சேர்ந்த நண்டெல்லாம் நிலைத்துவிடுவதும் இல்லை. இதே பச்சை நண்டு 1866-67 காலத்தில் இலங்கையில் பதிவாகியிருக்கிறது. 1933-ல் பர்மாவிலும், 1971-ல் பாகிஸ்தானிலும் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, அமெரிக்காவின் இரு கரைகள் என்று குளிர்ந்த கடல்களிலெல்லாம் வேரூன்றிய அந்த நண்டு, நம் பக்கத்தில் ஓரிடத்திலும் குடும்பம் நடத்தவில்லை. அதன் முட்டைகளும் இளவுயிரிகளும் குளிர்ந்த நீருக்கு உரியவை. வெதுவெதுப்பான கடலில் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. 'நாளை இவை நம் கடலுக்கும் வருமா' என்று அஞ்சுவோருக்கு நான் இந்தப் பதிவுகளைத்தான் காட்டுவேன். நமக்கு அச்சம் வேண்டியது நம்மைப் போன்ற வெப்பக் கடலிலிருந்து, பெருந்துறைமுகங்கள் வழியாக வரக்கூடிய இனங்களைக் குறித்து. நாம் அனுப்பும் பக்கத்திலும் இருக்கிறோம்: இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் வாழும் சாரிப்டிஸ் ஹெல்லெரி என்ற நண்டு 1980-களின் இறுதியில் கரீபியன் கரைகளிலும், 1995-ல் ஃபுளோரிடாவிலும் கண்டறியப்பட்டது.

'புதிதாக வந்தது' என்ற சொல்லையும் எச்சரிக்கையாகவே பயன்படுத்த வேண்டும். 2011-ல் அண்டார்க்டிகா தீபகற்பத்தை அடுத்த 'பால்மர் ஆழம்' என்னும் கடலடிப் பள்ளத்தில், தொலைவிலிருந்து இயக்கும் ஒளிப்படக் கருவி, பதினைந்து லட்சம் என்று மதிப்பிடத்தக்க அளவில் அரச நண்டுகள் இருப்பதைக் காட்டியது. மிகக் குளிர்ந்த நீரில் நண்டுகளால் உடலில் சேரும் மெக்னீசியத்தை வெளியேற்ற இயலாது, அவை மயங்கிச் செயலற்றுவிடும்; எனவே கடல் சூடேறியதால் அவை மேலேறி வந்துவிட்டன என்று ஒரு சாரார் எழுதினர். பழைய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு சாரார், அவை நெடுங்காலமாக அங்கேயே இருந்திருக்கலாம், நாம் இப்போதுதான் விளக்கை ஏந்திப் போனோம் என்று 2013-ல் மறுத்தனர். பார்க்காததாலேயே இல்லை என்று கொள்ள முடியாது என்பதால், முன்பு தொடர்ந்து வலை விழுந்துவந்த இடத்தில் புதிய நண்டு தென்பட்டால்தான் நான் அதை வருகை என்று நம்புவேன். போ கழிமுகமும் கேபெஸும் அத்தகைய இடங்கள், அங்கே ஐயமில்லை.

இனி, பிடித்துத் தின்றே ஒழிப்பது பற்றி. கேபெஸில் முதலில் மீனவர்கள் வலை கிழிந்தும், வலையில் பட்ட மீனெல்லாம் குதறப்பட்டும் தவித்தார்கள். வெறுப்பில் அந்த நண்டுக்கு 'டாயெஷ்' என்று பயங்கரவாத அமைப்பின் பெயரையே வைத்தார்கள். சில ஆண்டுகளில் கூண்டுகளும் பதப்படுத்தும் ஆலைகளும் வந்தன. நண்டு ஏற்றுமதிச் சரக்கானது. நம் மண்டபம் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நண்டுச் சதை பிரித்தெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாற்றம் ஓர் ஊருக்கு என்ன தரும் என்று விளக்க வேண்டியதில்லை. இழப்பைத் தாங்கிக்கொள்ள இது நல்ல வழி. ஆனால் இது ஒழிப்பு அல்ல. நண்டை நம்பி ஆலையும் கடனும் கூலியும் வந்துவிட்ட பிறகு, அது தீர்ந்துபோவதை யாரும் விரும்பமாட்டார்கள். 1960-களில் சோவியத் ஆய்வாளர்கள் பேரன்ட்ஸ் கடலில் கொண்டுவிட்ட செவ்வரச நண்டு நார்வேக்குப் பரவியபோது, அந்நாடு 26 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் கோடு போட்டது: கிழக்கே அளவு நிர்ணயித்து நண்டைக் காத்துப் பிடிக்கிறார்கள், மேற்கே கட்டற்றுப் பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்பக் கடலில் விடக்கூடாது. ஒரே நண்டு ஒரு பக்கம் செல்வமாகவும் மறுபக்கம் தொல்லையாகவும் நடத்தப்படுகிறது.

ஒழித்தே தீர்வதென்று முனைந்தவர்களின் அனுபவமும் உண்டு. கலிபோர்னியாவின் ஸ்டின்சன் கடற்கரையை ஒட்டிய ஒரு சிறு காயலில் 2009 முதல் தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் பச்சை நண்டைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். ஏறக்குறைய 1,25,000 ஆக இருந்த எண்ணிக்கை 2013-ல் 10,000-க்கும் கீழே வந்தது. அடுத்த ஆண்டே அது 3,00,000 அளவுக்கு எகிறியது. காரணம் எளியது: பெரிய நண்டுகள் குட்டி நண்டுகளைத் தின்னும். கூண்டில் விழுவது பெரும்பாலும் பெரியவையே. அவற்றை அகற்றியதும் குட்டிகளுக்குக் காவலற்ற வெளி கிடைத்துவிட்டது. அதன்பின் அவர்கள் ஒழிப்பை விட்டுவிட்டு, கேடு விளைவிக்காத அளவுக்குக் குறைத்துவைப்பதை இலக்காகக் கொண்டார்கள். சுற்றி அடைபட்ட ஒரு காயலிலேயே இப்படி என்றால், ஒன்றரை மாதம் மிதந்து எங்கிருந்தும் வந்து சேரும் இளவுயிரிகளை உடைய அமெரிக்க நீல நண்டைத் திறந்த அட்ரியாட்டிக்கில் தின்று தீர்ப்பது நடக்காது. இத்தாலிய அரசு 2023 ஆகஸ்டில் 29 லட்சம் யூரோ ஒதுக்கி நண்டுபிடிப்பை ஊக்குவித்தது. மட்டி வயல்களைச் சுற்றி வலைவேலி இட்டு, அவ்விடத்து நண்டைத் தொடர்ந்து குறைத்துவருவதற்கு அத்தகைய உதவி பயன்படும். நான் அங்கிருந்தால் அதற்குத்தான் செலவிடச் சொல்வேன்.

நீங்கள் கரையில் வாழ்பவராகவோ, மீன் வாங்க இறங்குதளத்துக்குப் போகிறவராகவோ இருந்தால், உங்களால் ஆகக்கூடிய ஒரு வேலை உண்டு. பழக்கமில்லாத நண்டு வலையில் வந்தால் அதை வீசிவிடாமல், நெற்றி விளிம்பு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், மல்லாத்தி வயிற்று மடிப்பு தெரியும்படி ஒரு படம் எடுத்து, எந்த ஊர், எந்த நாள், எவ்வளவு ஆழம், எந்த வலை என்று நான்கு வரி எழுதிவைத்து, முடிந்தால் நண்டையே பனிக்கட்டியில் போட்டு அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்திலோ கல்லூரியின் விலங்கியல் துறையிலோ கொடுங்கள். கடிகால் உடைந்திருந்தாலும் பரவாயில்லை; ஓடும் வயிற்று மடிப்பும் இருந்தால் போதும், இனத்தைச் சொல்லிவிடலாம்.